நீர்க்கடுப்பைச் சூடு என்று விட்டுவிட்டோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எடை குறைந்த குழந்தையைக் காப்பாற்றிய டாக்டர்கள் என்று உங்கள் பத்திரிகையில் அவ்வப்போது படத்தோடு செய்தி வருகிறது. உள்ளங்கை அளவுக்கு ஒரு குழந்தை, பக்கத்தில் நர்சுகள், கண் கலங்கி நிற்கும் அம்மா. அந்தச் செய்திகளை நான் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன், ஏனென்றால் என் பேத்தியும் அப்படிப் பிழைத்து வந்தவள்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் படித்து முடிக்கும்போது மனசுக்குள் ஒரு ஆதங்கம். அந்தக் குழந்தை ஏன் மாசம் நிறையாமல் பிறந்தது, அதற்கு முந்தைய மாதங்களில் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எத்தனை கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுத்திருப்பேன், எத்தனை பிள்ளைகளை எடை போட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஊருக்கெல்லாம் சொன்ன என் வீட்டிலேயே அது நடந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் மருமகள் ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலை ஆறரைக்கு வேன் வரும், வீடு திரும்ப ராத்திரி ஏழரை ஆகும். அங்கே கழிப்பறைக்கு அடிக்கடி எழுந்து போனால் சூப்பர்வைசர் ஒரு மாதிரி பார்ப்பார் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள், கொண்டுபோகும் பாட்டில் பாதி அப்படியே திரும்பி வரும். ஆறாம் மாதத்தில் ஒரு ராத்திரி என்னிடம் வந்து, "அத்தை, ஒண்ணுக்குப் போனா எரியுது, அடிவயிறு சுள்ளுன்னு புடிக்குது" என்றாள். அப்போது நல்ல பங்குனி வெயில். "சூடும்மா, ஊரே சூட்டுல தவிக்குது" என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன், இளநீர் வாங்கிவரச் சொன்னேன், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துவிட்டேன். ரெண்டு நாளில் எரிச்சல் குறைந்த மாதிரி இருந்தது, அத்தோடு மறந்துவிட்டோம். நர்சம்மா வீட்டுக்கு வந்தபோதுகூட அவள் சொல்லவில்லை. வெட்கம் ஒரு பக்கம், அப்புறம் நான்தான் சூடு என்று முடித்துவிட்டேனே, அதற்கு மேல் எப்படி வாயைத் திறப்பாள்?

33-வது வாரம் ஒரு நாள் சாயங்காலத்திலிருந்து இடுப்பு வலி வந்து வந்து போனது. அதையும் நான் சூட்டு வலி என்றேன், சீரகத் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். விடியற்காலையில் புடவை நனைந்திருந்தது. பனிக்குடம் கசிகிறது என்று புரிந்த பிறகுதான் 108-க்குப் போன் போட்டோம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, நடுவில் நீர்க்கடுப்பு ஏதாவது இருந்ததா என்பது. மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றம் சொல்வது எதுவும் இல்லை, பதில் சொல்லலாமா என்று அனுமதி கேட்பது போல இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

சிறுநீரைப் பரிசோதித்ததில் கிருமித்தொற்று இருந்தது. இது ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அப்போதே காட்டியிருந்தால் சில நாள் மாத்திரையில் சரியாகியிருக்கும் என்றார் டாக்டரம்மா. குழந்தையின் நுரையீரல் பக்குவப்படுவதற்கு என்று 12 மணிநேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் பேத்தி பிறந்தாள். 1 கிலோ 650 கிராம். 19 நாள் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் இருந்தாள்.

அந்த ஊசியைப் பற்றிப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற டாக்டர் ஆடுகளை வைத்து ஆராய்ச்சி செய்தபோது, ஸ்டீராய்டு மருந்து கொடுத்த குட்டி மூச்சே விட முடியாத அளவுக்கு மாசம் குறைவாகப் பிறந்தும் மூச்சுவிடுவதைப் பார்த்திருக்கிறார். பிறகு ஹோவி என்ற டாக்டரோடு சேர்ந்து கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1972-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் எங்கேயோ கண்டுபிடித்த அந்த வகை மருந்துதான் பென்னாகரத்துப் பிள்ளைக்கு மூச்சுக் கொடுத்தது. ஆனால் அது வேலை செய்யப் பிரசவத்துக்கு முன்னால் நேரம் வேண்டும். வலியைச் சூடு என்று வீட்டிலேயே வைத்திருந்தால் அந்த நேரமும் போய்விடும். இன்னும் ஒரு ராத்திரி நான் தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் தூக்கம் வராமல் யோசிப்பதுண்டு.

இதற்குள் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். மாடிப்படி ஏறி இறங்கினாள், பப்பாளி தின்றாள், கிரகணத்தன்று வெளியே வந்தாள், அவள் ராசியே அப்படி. வார்டுக்கு வெளியே 19 நாள் உட்கார்ந்திருந்தேனே, அங்கே இருந்த ஒவ்வொரு பெண்ணும் இதே மாதிரி ஏதாவது ஒரு பேச்சைச் சுமந்துகொண்டுதான் பால் பீய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாலக்கோட்டுப் பெண், அரூர்ப் பெண், அஞ்செட்டி மலையிலிருந்து வந்த பெண், எல்லோரும்தான்.

அங்கே கேட்ட இன்னொரு பேச்சு, ஏழு மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டு மாசத்துப் பிள்ளை தங்காது என்பது. நானே சின்ன வயதில் நம்பியிருக்கிறேன். சுத்தமாகத் தவறு. வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலம்தான். நுரையீரலுக்குள் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான திரவம் ஒன்று சுரக்க வேண்டும், அது போதுமான அளவு வருவது கடைசி வாரங்களில்தான். உறிஞ்சி விழுங்கும் பழக்கமும், உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளும் கொழுப்பும் அப்போதுதான் சேர்கின்றன. நாம் மாசக் கணக்கில் பேசுகிறோம், ஆஸ்பத்திரியில் வாரக் கணக்கில் பேசுகிறார்கள், இதில் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்லை. கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளிலிருந்து 40 வாரம், அதாவது 280 நாள். 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாதம், 28 வாரத்துக்கும் முன்னால் பிறந்தால் மிக மிக ஆபத்து. 37 தாண்டினால் போதும் என்று நினைக்கிறோம், ஆனால் 39 வாரம் நிறைந்தால்தான் முழு வளர்ச்சி என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். 2020-ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளின் கணக்கு. அதில் 30 லட்சம் நம் நாட்டில், வேறு எந்த நாட்டிலும் இத்தனை இல்லை.

சரி, நீர்க்கடுப்புக்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள், நானும் கேட்டேன். கர்ப்பத்தில் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்துபோகும், மேலிருந்து கர்ப்பப்பை அழுத்தும், சிறுநீர் தேங்கும், அதனால் கிருமி சுலபமாகச் சிறுநீரகம் வரை ஏறிவிடும். அந்தத் தொற்றை எதிர்க்க உடம்பு சுரக்கும் பொருட்களில் சில, கர்ப்பப்பையைச் சுருங்கவைப்பவை, பனிக்குடத்து ஜவ்வைப் பலவீனமாக்குபவை. நாற்றத்தோடு வரும் வெள்ளைப்படுதலும் இதே மாதிரி கவனிக்க வேண்டியது. இதில் ரொம்பப் பயப்பட வேண்டியது, சில பெண்களுக்கு எரிச்சலே இல்லாமல் கிருமி இருக்கும் என்பதுதான். அதனால்தான் செக்கப்பில் சிறுநீர் கேட்கிறார்கள். அந்தச் சின்ன டப்பாவை வெட்கப்பட்டுக் கொடுக்காமல் வந்துவிடும் பெண்களை எனக்குத் தெரியும். கர்ப்பிணிக்கு ஒத்துக்கொள்ளும் மருந்து எது என்று டாக்டர்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும், மெடிக்கல் ஷாப்பில் வாய்க்கு வந்ததைச் சொல்லி வாங்கிப் போடக் கூடாது.

ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனிகளானாலும், ராயக்கோட்டைப் பூந்தோட்டமானாலும், செங்கல் சூளையானாலும், வேலைக்குப் போகும் கர்ப்பிணி நிம்மதியாக ஒதுங்க ஒரு இடம் இல்லையென்றால் அவள் தண்ணீர் குடிக்க மாட்டாள். இதைக் கழிப்பறைப் பிரச்சினை என்று மட்டும் நினைக்காதீர்கள், இது பிரசவப் பிரச்சினை.

அடுத்தது ரத்தம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் கடுமையானது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் நாட்டின் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. ரத்தம் குறைந்த தாய்க்கு மாசம் நிறையாமலோ எடை குறைவாகவோ பிள்ளை பிறக்கும் ஆபத்து கூடும். நாலாம் மாதத்திலிருந்து 180 நாளைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். கொடுக்கிறோம் என்று எழுதுவது சுலபம். எத்தனை வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் அந்த மாத்திரை அட்டைகள் அப்படியே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்! வாந்தி வருகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, பிள்ளை கறுத்துவிடும், பிள்ளை பெருத்து ஆபரேஷன் ஆகிவிடும் என்று நூறு காரணம். மலம் கறுப்பது மாத்திரையால், அதில் பயம் இல்லை. பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. டீயோடு போட்டால் சத்து உடம்பில் சரியாக ஏறாது, எலுமிச்சை, நெல்லிக்காய் மாதிரி புளிப்போடு சேர்ந்தால் நன்றாக ஏறும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றும் இரும்புச்சத்து ஊசியும் அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு என்று இதில் ஒரு தனிக் கவலை உண்டு. நம் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம், எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்தாலே தெரியும். அந்தப் புளோரைடு குடலின் உட்சுவரைப் பாதித்து, தின்ற சத்து ஏறவிடாமல் செய்யும் என்று சுசீலா என்ற விஞ்ஞானி பல வருடம் சொல்லிவந்தார். டெல்லியில் ரத்தசோகை இருந்த கர்ப்பிணிகளுக்குப் புளோரைடு இல்லாத தண்ணீரும் நல்ல சாப்பாடும் கிடைக்கும்படி செய்தபோது ரத்தம் ஏறியதோடு குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தைகளும் குறைந்தன என்று அவர் குழு 2010-ல் எழுதியது. இன்னும் பெரிய ஆய்வுகள் வேண்டும்தான், ஆனால் அதை நம் மாவட்டத்தில் செய்யாமல் வேறு எங்கே செய்வது? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது, ஜப்பான் நிதியுதவியோடு, புளோரைடுக்காகவே வந்த திட்டம் அது. காவிரித் தண்ணீர் வராத நாளில் மறுபடி போர் தண்ணீருக்குப் போய்விடுகிறோம். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஒரு குடம் காவிரித் தண்ணீரை அவளுக்கென்று எடுத்துவைத்தால் நல்லது.

கல்யாண வயதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பக்கத்தில் பத்தாவது முடிப்பதற்குள் கட்டிக்கொடுத்த பிள்ளைகள் கைக்குழந்தையோடு என் அங்கன்வாடிக்கு வந்திருக்கிறார்கள். தானே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் உடம்பு அது. தின்பது அவளுக்கா, வயிற்றுப் பிள்ளைக்கா? அப்படிப்பட்ட தாய்க்குக் குறைமாதமும் எடைக் குறைவும் வரும் ஆபத்து அதிகம் என்பதில் சந்தேகமே இல்லை. இப்படி ஒரு கல்யாணம் நடக்கப்போவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம், பேரைச் சொல்லத் தேவையில்லை. நான் ரெண்டு தடவை செய்திருக்கிறேன், இன்னும் நிறையத் தடவை செய்திருக்க வேண்டும்.

முதல் பிள்ளை பெண்ணாகிவிட்டால் உடனே அடுத்ததற்கு அவசரப்படுத்துகிறார்கள். ஒரு பிரசவத்துக்குப் பிறகு ரெண்டு வருடமாவது இடைவெளி விட்டு அடுத்த கர்ப்பம் என்பதுதான் சரி, உடம்பு இழந்த சத்து திரும்ப அவ்வளவு காலம் ஆகும். அதைவிடக் கொடுமை, திருட்டுத்தனமாக ஸ்கேன் பார்த்து, பெண் என்றால் ஐந்தாம் மாதத்தில்கூட யாரோ ஒருவர் கையால் கலைப்பது. நம் மாவட்டத்தில் இந்தக் கும்பல்கள் பிடிபட்டதை உங்கள் பத்திரிகையே பலமுறை போட்டிருக்கிறது. அப்படித் தாறுமாறாகக் கலைத்ததில் கர்ப்பப்பை வாய் காயப்பட்டுத் தளர்ந்துபோனால், அடுத்து ஆசையாகச் சுமக்கும் பிள்ளை ஆறாம் மாதமே நழுவி வந்துவிடும். வயிற்றுப் பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-ல் போட்ட சட்டம் இருக்கிறது, ஆனால் அந்தப் பெண்ணின் உடம்புக்கு அடுத்த பத்து வருடத்தில் என்ன ஆகிறது என்று யாரும் எழுதுவதில்லை.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பங்குனி கடைசியிலேயே வயிற்றைக் கிழித்து எடுக்கச் சொல்லிக் கேட்கும் குடும்பங்கள் இருக்கின்றன. நல்ல நட்சத்திரம், நல்ல நேரம் என்று ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டோடு டாக்டரிடம் போகிறார்கள். 36, 37 வாரத்தில், எந்த நோயும் இல்லாமல், குழந்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போது வெளியே எடுத்துவிட்டு, மூச்சுத் திணறுகிறது என்று கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். நானும் சாமி கும்பிடுகிறவள்தான், என் பிள்ளைகளுக்கு ஜாதகம் எழுதியிருக்கிறேன். பிறந்த நேரத்துக்குத்தான் ஜாதகம் எழுதுவார்கள். ஜாதகத்துக்காகப் பிறக்கவைப்பது எந்தச் சாமி சொன்னது?

ஆனால் சில நேரம் டாக்டர்களே முன்கூட்டி எடுக்க வேண்டியிருக்கும், அதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். பிரஷர் ஏறி, விடாத தலைவலி, கண் மங்கல், முகமெல்லாம் வீக்கம், மேல்வயிற்று வலி என்று வந்தால் காத்திருப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. சர்க்கரை, இரட்டைக் குழந்தை, ஏற்கெனவே குறைமாதத்தில் பெற்றவள், இவர்களுக்கெல்லாம் கூடுதல் கவனிப்பு தேவை. பிரஷர் வரும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கு 16 வாரத்துக்கு முன்னாலேயே ஆஸ்பிரின் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்குகிறார்கள், கர்ப்பப்பை வாய் குட்டையாக இருந்தால் புரோஜெஸ்டிரான் மருந்து அல்லது தையல் போடுகிறார்கள். இதெல்லாம் நேரத்தோடு வந்தவர்களுக்குத்தான் கிடைக்கும். கண்ணு பட்டுடும் என்று ஐந்தாம் மாதம் வரை மூடி மறைத்தால் எப்படிக் கிடைக்கும்? 12 வாரத்துக்குள் நர்சம்மாவிடம் பதிவு செய்து, கர்ப்பிணிக்கு அரசு கொடுக்கும் பதிவு எண்ணான பிக்மி நம்பர் வாங்கிவிட வேண்டும். அரசு தரும் மகப்பேறு உதவிப் பணத்துக்காக மட்டும் அந்த நம்பர் என்று நினைக்கிறார்கள். ஆரம்ப ஸ்கேனில்தான் வாரக் கணக்கு சரியாகத் தெரியும், அந்தக் கணக்கு தப்பினால் பின்னால் எல்லாமே தப்பும்.

வெற்றிலையோடு போடும் புகையிலை, புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்து இழுக்கும் பீடி, விறகடுப்புப் புகை, குடித்துவிட்டு வந்து கைநீட்டுவது, இவையும் ஆபத்தைக் கூட்டும் காரணங்கள்தான். கடைசியாகச் சொன்னதை எந்த அட்டையிலும் குறித்துக்கொள்ள இடம் இல்லை. இத்தனையும் சரியாக இருந்தும் மாசம் நிறையாமல் பிரசவமாகும் பெண்கள் ஏராளம், பாதிப் பேருக்குக் காரணம் என்னவென்றே டாக்டர்களுக்குப் பிடிபடுவதில்லை. அதனால் தயவுசெய்து பெற்றவளைப் பழிக்காதீர்கள்.

2014 நவம்பரில் நம் தருமபுரி அரசு ஆஸ்பத்திரியில் சில நாளுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அவற்றில் பல எடை குறைவாகப் பிறந்தவை என்று அப்போதே சொன்னார்கள். நாம் எல்லோரும் வார்டைப் பற்றிப் பேசினோம், பேச வேண்டியதுதான். அந்தத் தாய்மார்கள் எந்த வயதில் கல்யாணம் செய்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எந்த ரோட்டில் எத்தனை மணிநேரம் வந்தார்கள் என்று அவ்வளவாகப் பேசவில்லை.

அதனால் உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. வாரத்தில் ஒரு நாள், ராசிபலன் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குங்கள், ஏனென்றால் எங்கள் ஊரில் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான். நீர்க்கடுப்பு, நீர் கசிவு, ரத்தக் கசிவு, விட்டுவிட்டு வரும் இடுப்பு வலி, வயிறு கல் மாதிரி இறுகுவது, பிள்ளை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே போங்கள் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். சந்தேகம் கேட்க 104, வண்டிக்கு 108. ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை உண்டு என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

பேத்திக்கு இப்போது மூன்று வயது ஆகப்போகிறது. வார்டில் இருந்தபோது கங்காரு முறை என்று தாயின் நெஞ்சோடு தோலோடு தோலாக ஒட்டிவைக்கச் சொன்னார்கள், கொலம்பியா நாட்டில் 1978-ல் இன்குபேட்டர் பற்றாக்குறையில் ஒரு டாக்டர் தொடங்கிய முறையாம். மருமகளுக்கு முடியாத நேரத்தில் என் மகன் சட்டையைக் கழற்றிவிட்டு, பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அதே பிள்ளை இப்போது முற்றத்தில் கோழியைத் துரத்துகிறது.

மருமகள் மறுபடி உண்டாகியிருக்கிறாள். இது 14-வது வாரம். ஒருதடவை குறைமாதத்தில் பெற்றவளுக்கு மறுபடியும் அப்படி ஆகும் வாய்ப்பு அதிகம் என்பதால் கர்ப்பப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். நேற்று ராத்திரி, "அத்தை, லேசா எரியற மாதிரி இருக்கு" என்றாள். இந்தத் தடவை அவள் தயங்கவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்துதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி பணியாளர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.